பன்னிரண்டு மாதப் பாடம்

காஜா பேராங், மலாக்கா
22-9-2604

ஷோனானில் இருக்கும் பொன்னுதுரை வாத்தியார் ஐயாவுக்கு,

உங்களை நான் பார்த்ததில்லை. என் புருஷன் தம்பிராஜா பட்டாளத்திலிருந்து அனுப்பும் கடித உறையின் பின்புறம் உங்கள் பெயரும் விலாசமும்தான் இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். சிங்கப்பூரை ஷோனான் என்றும் வருஷத்தை ஜப்பான் கணக்கிலும் எழுதினால்தான் தபாலில் எடுப்பார்களாம், அப்படியே எழுதியிருக்கிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, பதில் சொன்னால் போதும்.

சித்திரையிலிருந்து மாதம் ஒரு கடிதம் வருகிறது. இதுவரை ஆறு வந்திருக்கிறது. வைகாசிக் கடைசியில் எனக்குப் பிரசவம் ஆனது. ஆண் பிள்ளை. பிறக்கும்போதே உயிர் இல்லை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார முடியாமல் படுத்தபடியே அவருக்கு எழுதினேன், உங்கள் விலாசத்துக்குத்தான். ஆனியில் ஒன்று, ஆடியில் ஒன்று மறுபடியும் எழுதினேன்.

ஆனியில் அவர் கடிதம் வந்தது. "பிள்ளை பிறந்திருக்கும், யார் ஜாடை?" என்று கேட்டிருந்தார். சரி, என் கடிதம் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆடியில், "முகம் பார்த்துச் சிரிக்கிறதா?" ஆவணியில், "குப்புற விழுகிறதா?" இந்தப் புரட்டாசியில், "நாலு மாதம் ஆகிவிட்டது, கழுத்து நின்றிருக்கும், இனி பயமில்லாமல் தூக்கலாம்."

யாரைத் தூக்க, ஐயா?

இவருக்கு என்ன, கண் தெரியவில்லையா, புத்தி பிசகிவிட்டதா? இல்லை, செத்த பிள்ளையைப் பற்றி எழுதினால் பெண்டாட்டி அழுவாள் என்று நினைத்து, ஒன்றும் தெரியாதவர் போல நடிக்கிறாரா? நடிக்கத் தெரிந்த மனிதர் இல்லை அவர்.

இன்னொன்று. ஒவ்வொரு கடிதத்திலும் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறது. மேலே மூலையில் பத்துக்கு ஐந்து, பத்துக்கு ஆறு என்று மார்க்கு வேறு! நானும் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் மகள்தான், சிவப்பு மை எனக்குப் புதிதில்லை. ஆனால் என் புருஷன் எனக்கு எழுதும் கடிதத்துக்கு மார்க்கு போட நீங்கள் யார்?

இந்த வீட்டில் பேச்செல்லாம் மலாய். இவர்கள் கம்போங் செட்டிக்காரர்கள், எந்தக் காலத்திலோ இங்கே வந்து தமிழ் மறந்துபோன வம்சம். நான்தான் வெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தமிழ்ப் பெண். நாலு வருஷக் குடித்தனத்தில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. பட்டாளத்துக்குப் போய்த் தமிழ் கற்றுக்கொண்டு முதன்முதலாக "அன்புள்ள பாக்கியம்" என்று எழுதினார். அதைப் பார்த்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அந்தத் தமிழ் இப்போது என்னைக் கொல்லுகிறது. மாமியார் மீனாச்சி கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லுகிறார். பிள்ளை பற்றிய வரிகளை விழுங்கிவிட்டு மற்றதை மலாயில் சொல்கிறேன். கடிதம் வரவர சின்னதாகப் போகிறதே என்று கேட்கிறார்.

என் கடிதங்கள் அவர் கைக்குப் போகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாக்கியலட்சுமி


ஷோனான்
10-10-2604

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளையின் செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆறுதல் சொல்லவும் எனக்கு வராது.

மதிப்பெண் இட்டது நான்தான். மன்னியுங்கள். இது ஆசிரியனின் பழக்கதோஷம் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்த கல்லூரியில் பட்டாள வகுப்பு என்று ஒன்று இருந்தது. போன பெரிய யுத்தம் முடிந்து வந்த சிப்பாய்களுக்காக எங்கள் பழைய முதல்வர் ஆரம்பித்தது. ஒருநாள் பல்கலைக்கழகமாக உயரும் என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்டிருந்த கல்லூரி அது. ஆனாலும் காலையில் காரில் வந்து இறங்கும் பிள்ளைகளைவிட, மாலையில் பூட்ஸோடு வந்து பெஞ்சில் நெருக்கி உட்காரும் இவர்கள்தான் கல்லூரியின் சொத்து என்று முதல்வர் சொல்லுவார். வெள்ளைக்காரச் சிப்பாய், பஞ்சாபி, மலாய்ப் பட்டாளத்தான், தொண்டர் படைக்காரன் எல்லோரும் அங்கே படித்தார்கள். பட்டாளத்தை விட்டு வெளியே வந்தால் பிழைக்க வேண்டுமே! கணக்கும் கடிதம் எழுதுவதும்தான் பிரதான பாடங்கள். இருபத்து நான்கு ஆண்டுப் பெயர்களும் ஒரே பதிவேட்டில் இருக்கின்றன. கல்லூரி மூடியபோது நான் எடுத்து வந்தவை அந்தப் பதிவேடும், மிச்சமிருந்த பரீட்சைத் தாள்களும்தான். தங்கள் கணவர் எழுதியிருப்பது அந்தத் தாள்களில்தான்.

இந்தியாவை மீட்கச் சேர்த்த நம் இந்தியப் பட்டாளத்தின் முகாமில் பெரிய பாடம் இந்துஸ்தானி. மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க என்னை அனுமதித்தார்கள். இவர்கள் பெயரையும் அதே பதிவேட்டில் தொடர்ந்து எழுதினேன்; தம்பிராஜாவின் எண் ஆயிரத்து இருநூற்று ஆறு. வகுப்பில் தமிழே பேச வராதவன் அவன் ஒருவன்தான். ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். "ளகர"த்தில் மட்டும் தகராறு.

தபால் நிலைமை தாங்கள் அறியாததல்ல. பொறுமையோடு இருங்கள்.

இங்ஙனம்,
சி. பொன்னுதுரை


காஜா பேராங்
2-11-2604

வாத்தியார் ஐயாவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உப்பு மீன் லோரி ஓட்டும் ஜெயபாலன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் கம்பத்து வீடுகளுக்கு அடுத்த சந்துக்காரர், நம்பலாம். வாரம் ஒருமுறை ஷோனானுக்கு வருகிறார். நீங்களும் அவர் கையிலேயே கொடுங்கள். நடுவில் யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். இனி வளைத்து வளைத்து எழுத வேண்டியதில்லை.

கல்லூரிக் கதை ஒரு பக்கம் எழுதினீர்கள். முதல்வர் என்ன சொன்னார், பஞ்சாபி எங்கே உட்கார்ந்தான் எல்லாம் தெரிந்துகொண்டேன். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. என்னைப் பொறுமையாக இருக்கச் சொல்ல ஐந்து மாதம் முன்னால் ஒரு மருத்துவச்சி இருந்தாள், அவளே போதும்.

ஐப்பசிக் கடிதம் வந்தது. "இங்கே நல்ல மழை. நான் சுகமாக இருக்கிறேன். பிள்ளைக்கு ஐந்து மாதம், வாயில் கை வைக்கும், ஈறு ஊறும்." பத்துக்கு ஏழு.

போன வாரம் அரிசிக் கூப்பனுக்கு வரிசையில் நின்றேன். அரிசி எங்கே, மரவள்ளிக் கிழங்குதான். எனக்கு முன்னால் புக்கிட் பாருவிலிருந்து வந்த பூங்காவனம் என்று ஒரு அம்மாள். அவர் மகன் மருதமுத்துவும் பட்டாளத்தில். மகனிடமிருந்து கடிதம் வருகிறதா என்று கேட்டேன். மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். "இங்கே நல்ல மழை. நான் சுகமாக இருக்கிறேன்." அதே தாள். அதே ஊதாப் பென்சில். ஓரத்தில் அதே சிவப்பு மை. பத்துக்கு நாலு.

அந்த அம்மாள், "மகன் எவ்ளோ வாங்கியிருக்கான் பாரும்மா, பாஸா?" என்று கேட்டார். பாஸ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஏழு கடிதத்தையும் தரையில் பரப்பினேன். சித்திரைக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு எண்ணெய்க் கறை. வைகாசிக் கடிதத்திலும் அதே இடத்தில் அதே கறை, கொஞ்சம் சிறிசாக. ஆனியில் இன்னும் சிறிசு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த தாளில் ஊறிய கறை. மாதம் ஒன்றாக எழுதிய கடிதத்தில் எப்படி ஐயா ஒரே கறை ஊறும்?

என் புருஷன் இப்போது எழுதுகிறாரா, இல்லையா?

பாக்கியலட்சுமி


ஷோனான்
19-11-2604

அம்மா,

தாங்கள் கெட்டிக்காரி. என் வகுப்பில் இருந்திருந்தால் நான் பயந்திருப்பேன்.

சொல்லிவிடுகிறேன். தமிழ் மாதங்களின் பெயர் இவர்கள் வாயில் நிற்கவில்லை. சித்திரைக்குப் பின் கார்த்திகை என்பார்கள், ஆடிக்குப் பின் தை என்பார்கள். பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன், ஏறவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அந்த மாதத்தில் என்ன நடக்கும் என்று நினைத்து எழுதுங்கள் என்றேன். மழை மாதத்தில் மழை, பண்டிகை மாதத்தில் பண்டிகை என்று மாதிரி வரிகளைப் பலகையில் எழுதிப் போட்டேன். நாற்பத்தொரு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு கடிதங்கள். மாசி பங்குனியில் ஆரம்பித்த பாடம் மூன்று வாரம் நடந்தது. நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் அதைப்போல நல்ல பாடம் எடுத்ததில்லை. பாடப் பயிற்சி ஆகையால் திருத்தினேன், மதிப்பெண் இட்டேன். யாருக்கும் அனுப்புவதற்காக எழுதியதல்ல.

தங்கள் கணவன் மற்றவர்களைப்போல மழையோடு நிறுத்தவில்லை. முகாம் சமையல்காரர் ஆறு பிள்ளைகள் பெற்றவர். அவரிடம் போய், இரண்டாம் மாதம் பிள்ளை என்ன செய்யும், மூன்றாம் மாதம் என்ன செய்யும் என்று கேட்டுக் கேட்டு வந்து எழுதினான். பெடியன்கள் கேலி செய்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே எழுதுவான்.

பர்மா முனைக்குக் கிளம்பும் நாள் திடீரென்று வந்தது. மருதமுத்துதான் முதலில் கேட்டான். "சார், அங்க போனா தபால் இருக்குமோ இல்லையோ. எழுதினது சும்மாதானே கெடக்குது. மாசம் ஒன்னா போட்டுடுங்க, அம்மா பயப்படாம இருக்கும்" என்றான். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் வாக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி நாற்பத்தொரு உறைகளில் விலாசம் எழுதி அனுப்புகிறேன்.

தங்கள் முதல் கடிதத்தைப் பட்டாளத் தபாலில் சேர்த்தேன். மற்ற இரண்டும் என்னிடம் இருக்கின்றன. பிரிக்கவில்லை.

இப்போது எனக்குப் புது வகுப்பு இருக்கிறது. புதிதாக வந்தவர்கள். போன வாரம் வருகை எடுத்தபோது, தப்பான பக்கத்தைத் திருப்பிப் பழைய பெயர்களைப் படித்துவிட்டேன். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு, ஆயிரத்து இருநூற்று மூன்று என்று படித்துக்கொண்டே போகிறேன், ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் ஐயா" என்று பதில் வருகிறது. தலை நிமிர்ந்து பார்த்தேன். புதுப் பெடியன்கள்தான். வாத்தியார் தடுமாறுகிறார், அவமானப்படக் கூடாது என்று ஆளுக்கு ஒன்றாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தினேன். அதற்குமுன் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் இதே பதிவேட்டுக்கு இப்படித்தான் பதில் சொன்னார்கள். அவர்களில் எத்தனை பேர் எங்கே கிடக்கிறார்களோ தெரியாது. நான் எல்லோருக்கும் கடிதம் எழுதத்தான் கற்றுக்கொடுத்தேன்.

பொன்னுதுரை


காஜா பேராங்
10-12-2604

ஐயா,

எல்லாம் சொன்னீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். மறந்து விட்டதல்ல அது.

உயிரோடு இருக்கிறாரா?

ஏன் இப்போதே தெரிய வேண்டும் என்று சொல்கிறேன். தைப் பொங்கலுக்கு முந்தின நாள் போகி. அன்றைக்கு இங்கே வீட்டுக்கு வீடு பார்ச்சு படைப்பார்கள். செத்துப்போனவர்களுக்குச் சோறு வைக்கிற நாள். எங்கள் வீட்டில் பெயருக்கு ஒரு இலை. கூடத்தில் வாழை இலை வரிசையாகப் போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, சாம்பிராணி போட்டு, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவர்கள் வந்து சாப்பிடுவார்கள்.

உயிரோடு இருக்கிறவர் பெயரைச் சொல்லி இலை போட்டால், நாமே அவரைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளியது போல. செத்தவருக்கு இலை போடாமல் விட்டாலோ, அப்பா தாத்தா எல்லாம் உள்ளே உட்கார்ந்து சாப்பிட, அவர் மட்டும் வாசலில் நிற்பார். அடுத்த பார்ச்சு வரைக்கும் பசியோடு நிற்பார். சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்துதான் பட்டாளத்தில் சேர்ந்தார். சாப்பாடாவது போடுவார்களே என்றார். பசி தாங்க மாட்டார் ஐயா.

கார்த்திகைக் கடிதம் வந்தது. "பிள்ளை உட்காரும். பக்கத்தில் தலகாணி வை." இப்போதெல்லாம் அடுக்களையில் ஏதாவது உருண்டால் திரும்பிப் பார்க்கிறேன். மண்ணில் வைத்த பிள்ளை ஐயா. என் கண்ணெதிரே வைத்தார்கள். அது மாதா மாதம் வளர்கிறது. நீங்கள் தபாலில் போடப் போட வளர்கிறது.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். வாக்கு, கல்லூரி, பதிவேடு எதுவும் வேண்டாம்.

பாக்கியலட்சுமி


ஷோனான்
27-12-2604

அம்மா,

தம்பிராஜா இறந்துவிட்டான். ஆடி மாதம். குண்டு படவில்லை. பர்மாவில் ஒரு ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வயிற்றுக்கடுப்பு கண்டு நாலு நாள் கிடந்து இறந்தான். சேதுபதி என்ற என் மாணவன் பக்கத்துப் பாயில் இருந்தான். கால் போய், இங்கே திரும்பி வந்தான். அவன்தான் நேரில் வந்து சொன்னான். பிறகு பட்டியலும் வந்தது.

நாற்பத்தொரு பேரில் பதினேழு பேர். மருதமுத்துவும் அதில் ஒருவன்.

தாங்கள் கேட்காததையும் சொல்கிறேன். பட்டாளத் தபாலில் போட்ட தங்கள் முதல் கடிதம் அவன் கைக்குப் போகவில்லை. உறை பிரிக்காமல் திரும்பி வந்தது. பிள்ளை இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. சேதுபதியிடம், "என் பிள்ளைக்கு இப்ப ரெண்டு மாசம் ஆகியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

எனக்கு ஆவணிக் கடைசியிலேயே தெரியும். தெரிந்துகொண்டே புரட்டாசிக் கடிதத்தையும் அதன்பின் மூன்றையும் போட்டேன். பதினேழு பேருக்கு மட்டும் நிறுத்தினால், கடிதம் வராத வீடு செத்த வீடு என்று ஆகிவிடும். உயிரோடிருக்கும் பெடியனின் கடிதம் வழியில் தொலைந்தாலும் அவன் தாய் மாரடித்து அழுவாள். எல்லோருக்கும் நிறுத்தினால் நாற்பத்தொரு வீட்டிலும் இழவு. இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அது பாதி உண்மை. மீதி, எனக்குத் தைரியம் இல்லை. அது மட்டுமல்ல. மாதக் கடைசியில் அவர்கள் எழுதிய தாள்களை நான் எடுத்து மடிக்கும்போது, அவர்கள் எழுத்தைப் பார்க்கும்போது, வகுப்பு இன்னும் கலையவில்லை என்று தோன்றும். பங்குனி வரை கலையாது. அந்த ஆசையில் தங்கள் பிள்ளையைத் தோண்டி எடுத்து மாதா மாதம் தங்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. தங்கள் புரட்டாசிக் கடிதம் வந்த அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நான் பாவி.

அவனுக்கு இலை போடுங்கள், அம்மா.

பொன்னுதுரை


காஜா பேராங்
3-1-2605

ஐயா,

படித்தேன். அழுதாயிற்று. அதைப் பற்றி எழுத இப்போது நேரமில்லை.

என் மாமியார் நம்ப மாட்டேன் என்கிறார். மார்கழிக் கடிதம் வந்ததே என்கிறார். அதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மகன் கை எழுத்து என்று தெரியும். "செத்தவன் லெட்டர் போடுவானா? யாரோ வாத்தியார் சொன்னான்னு என் மவனுக்கு இலை போடுவேனா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார். மலாயில்தான் சொன்னார், எனக்குத் தமிழில்தான் கேட்கிறது. பெற்றவள் கூப்பிடாமல் நான் கூப்பிட்டால் அவர் வர மாட்டார். எங்கள் வழக்கம் அப்படி.

தை, மாசி, பங்குனி, மூன்றும் உங்களிடம் இருக்கிறது. இன்னும் பிறக்காத மாதத்தின் கடிதத்தை மாமியார் கண்ணால் பார்க்க வேண்டும். வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள். வாக்கு வாங்கியவர் வாசலில் நிற்கிறார்.

போகிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. மூன்றையும் அனுப்புங்கள்.

பாக்கியலட்சுமி


ஷோனான்
9-1-2605

அம்மா,

மூன்றும் இத்துடன் இருக்கின்றன. தாங்கள் தம்பிராஜாவுக்கு எழுதிய மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பங்குனிக் கடிதத்தை நான் திருத்தவில்லை, படிக்கவும் இல்லை. அன்று மாலை வாங்கி அடுக்கி வைத்தேன். மறுநாள் காலையில் அவர்களை ரயிலேற்றிவிட்டார்கள். பலகையைப் பார்த்து எழுதாமல் சொந்தமாக எழுதச் சொன்ன ஒரே கடிதம் அது.

மற்றப் பதினாறு வீடுகளுக்கும் நான் என்ன செய்ய வேண்டும்? தைக் கடிதங்களுக்கு உறை எழுதி வைத்திருக்கிறேன். போடவில்லை. தாங்கள் சொல்லுங்கள். ஆசிரியனாக இருந்து இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

பொன்னுதுரை


காஜா பேராங்
16-1-2605

ஐயா,

போகிக்கு முந்தின நாள் மத்தியானம் ஜெயபாலன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் மடியில் மூன்றையும் வைத்தேன். "மாக், இது தை. இது மாசி. இது பங்குனி. இன்னும் வராத மாசம்" என்றேன்.

அவர் தலையணைக்கடியிலிருந்து மார்கழியை எடுத்தார். என்னிடம் மற்ற எட்டையும் கேட்டார். பாயில் வரிசையாக வைத்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். சாத்து, டுவா, தீகா என்று பன்னிரண்டு வரைக்கும் எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அப்புறம், "நோயில கெடந்தப்ப எழுதினது எது?" என்று கேட்டார்.

"அப்படி ஒன்னு இல்ல மாக். எல்லாமே நல்லா இருந்தப்ப எழுதினது."

கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பிறகு எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, "பிண்டாங் குழம்பு வைக்க மீன் கிடைக்குமா, போய்ப் பாரு. அவனுக்குப் புளி கூட வேணும்" என்றார். அப்போதுதான் அழுதார்.

வீட்டில் இருந்த அரிசி ஒரு சுண்டு அளவுதான். மற்ற இலைகளுக்கெல்லாம் மரவள்ளிக் கிழங்கு வைத்து, என் புருஷன் இலைக்கு மட்டும் சோறு வைத்தோம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டு நிலைமை அவர்களுக்குத் தெரியாதா? பிள்ளைக்கு இலை போடும் வழக்கம் இல்லை. பெயர் வைக்காத பிள்ளை, வாயில் ஒரு சொட்டுப் பால் படாத பிள்ளை. நான் கேட்கவும் இல்லை. மாமியார் தானாகவே மகன் இலையின் ஓரத்தில் ஒரு விரல் சோற்றை எடுத்துக் குழையப் பிசைந்து தனியாக வைத்தார். "அப்பன் ஊட்டிக்குவான்" என்றார். முன்னே வந்த ஒன்பது கடிதங்களிலும் இருந்த பிள்ளை வரிகளை அன்றைக்குத்தான் ஒன்றுவிடாமல் படித்துச் சொல்லியிருந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். புக்கிட் பாருவுக்கு நானே நடந்து போய்ப் பூங்காவனத்தம்மாளிடம் சொல்லிவிட்டேன். என்னை அடித்தார். பிறகு பிடித்துக்கொண்டார். மற்றப் பதினைந்து வீட்டுக்கும் நீங்கள் எழுதுங்கள். உங்கள் கையால், உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். அவர்கள் பிள்ளைகளின் மிச்சக் கடிதங்களையும் அதோடு வைத்து அனுப்புங்கள். அது அவர்களுடையது. பட்டியலில் இல்லாதவர் வீட்டுக்கும் மாதப் பாடம் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். நானும் இன்னும் திட்டி முடிக்கவில்லை. ஆனால் அவருக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தபோது தை, மாசி, பங்குனி மூன்றையும் தனியாகப் படித்தேன். தையில் பிள்ளை தவழ்ந்தது. மாசியில் ஏதோ ஒரு சொல் சொன்னது. பங்குனிக் கடிதத்தை அவர் எழுதியபடியே கீழே எழுதுகிறேன். நீங்கள் படித்ததில்லை என்றீர்களே, படியுங்கள்.

"பாக்கியம். இப்ப பங்குனி. பிள்ளைக்கு பத்து மாசம். பிடிச்சுக்கொண்டு நிக்கும், நடக்கும். சமையல் அண்ணன் சொல்லுறார், இந்த மாசம்தான் பயம், ஒரு நிமிசம் விடக்கூடாது. பின்னால கிணத்துக்கு சுவர் இல்லை. நான் போகும் முன்னே கட்டணும், கட்டவில்லை. என் தப்பு. பலகை போட்டு மூடு. நான் வந்து கட்டுறேன்."

அவ்வளவுதான் ஐயா. கீழே பெயர்.

கொல்லைக்குப் போனேன். கொட்டகையில் பழைய கதவுப் பலகை இரண்டு கிடந்தது. இழுத்துக்கொண்டு வந்து கிணற்றின்மேல் போட்டேன். ஒரு பக்கம் ஆடியது. அம்மிக்கல்லை உருட்டி வந்தேன், தூக்க முடியவில்லை. மாமியார் வந்து நின்று பார்த்தார். மறுபக்கம் வந்து குனிந்து, கல்லுக்கு அவரும் ஒரு கை கொடுத்தார்.

பாக்கியலட்சுமி